லிஸ்டில் இல்லாத மாவட்டம்

டிவியைப் பார்த்து ஒருவருக்குச் செய்தி சொல்வதில் என்ன கஷ்டம் இருக்கிறது? கண்ணும் வாயும் இருந்தால் போதும்... போன மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திருப்பூர் நல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் செல்வராணி புருஷன், பிள்ளைகளோடு குடியிருக்கிறாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம்தான் அவள் பிறந்த ஊர். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மா இல்லை. அப்பா கலியபெருமாள் மட்டும் அங்கே தனியாக இருக்கிறார். துணைக்கு ஒரு ஃபைபர் படகு.

அன்று காலை எல்லா சேனலிலும் புயல்தான். டிபன் பாக்ஸோடு இறங்கி வந்த செல்வராணியின் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கம்பெனி கேட்டுல போனை வாங்கி வச்சுக்குவாங்க. சாயங்காலம்தான் குடுப்பாங்க. ரெட் அலர்ட்டுல எங்க மாவட்டம் வருதான்னு பார்த்து, அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுறீங்களா? நீங்க பத்திரிகையில எழுதுறவங்கன்னு அவருக்கு உங்க மேல ரொம்ப மரியாதை."

கடைசி வாக்கியத்தில் நான் கொஞ்சம் உயரமாகிவிட்டேன்.

"நீ நிம்மதியாப் போ கண்ணு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்தேன். திரையின் அடியில் மாவட்டங்கள் வரிசையாக ஓடின. வாடகை ஒப்பந்தம் எழுதும்போது அவள் கொடுத்த ஆதாரில் இருந்தது நாகப்பட்டினம் மாவட்டம். அவள் வாய் நிறையச் சொல்வதும் அதுதான். சிவப்புப் பட்டியலில் நாகப்பட்டினம் இல்லை! இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு கலியபெருமாளுக்குப் போன் போட்டேன்.

"ஐயா, பயப்படாதீங்க. ரெட் அலர்ட்டுல உங்க மாவட்டம் இல்லீங்க."

"அப்படியாம்மா? இங்க ஆபீசருங்க வந்து பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பச் சொல்றாங்களே... சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் படகுக்கிட்டயே இருந்துக்கறேன்."

மாவட்டத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவர் திருத்தியிருப்பார். நான் 'உங்க மாவட்டம்' என்றல்லவா சொன்னேன்!

மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரரிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் ஊர் ஊராகப் பனியன் பார்சல் அனுப்புகிறவர். எந்த ஊர் எந்த மாவட்டம் என்பது அவருக்கு அத்துப்படி. சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்தினார்.

"ஏனம்மிணி, கொள்ளிடம் பக்கமெல்லாம் இப்ப மயிலாடுதுறை மாவட்டமல்லோ? பிரிச்சு எத்தனை வருசமாச்சு! லிஸ்ட்டுல அதுதான மொதல்ல ஓடுது!"

ஓடிப்போய் டிவியைப் பார்த்தேன், முதல் பெயரே மயிலாடுதுறை.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? நான் காங்கேயத்துக்காரி. பிறந்தபோது எங்கள் வீடு கோயம்புத்தூர் மாவட்டம். என் கல்யாணப் பத்திரிகையில் ஈரோடு மாவட்டம். இப்போது திருப்பூர் மாவட்டம். அப்பா அந்த வீட்டை ஒரு அடிகூட நகர்த்தவில்லை... மாவட்டங்கள்தான் வந்து வந்து போயின. ஊர் அப்படியே இருக்க, எல்லை மட்டும் நகரும் என்பதை இந்த உலகத்தில் யார் மறந்தாலும் நான் மறக்கலாமா?

கலியபெருமாளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டு தடவை போட்டேன். எடுக்கவில்லை.

கம்பெனி ஆபீசுக்குப் போட்டேன். எடுத்த சூப்பர்வைசரிடம் உளறிக்கொட்டினேன். "இருங்க, தையல் லைன்ல இருந்து கையோட கூட்டிட்டு வர்றனுங்க" என்று ஓடினார், அந்தப் புண்ணியவான்.

செல்வராணியிடம் தப்பை மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"நனையக் கூடாதுன்னு போனை வீட்டுல வச்சுட்டுப் போயிருப்பாரு. நான் பஞ்சாயத்துக்காரங்களுக்குப் போடுறேன்க்கா."

அவர்கள் குப்பத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மைக் செட் உண்டாம். கடலுக்குப் போகலாமா கூடாதா, கூட்டம் எத்தனை மணிக்கு... எல்லாமே அதில்தான் சொல்வார்களாம். பஞ்சாயத்துக்காரர், "உங்கப்பன் நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. நீயே பேசு" என்று தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு முன்னால் பிடித்துவிட்டார்.

திருப்பூரில், தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு சூப்பர்வைசரின் போனில் செல்வராணி பேசினாள். கடற்கரை முழுக்கக் கேட்டது.

"அப்பா... நான் செல்வராணி. அக்கா சொன்னது பழைய மாவட்டம்ப்பா. படகு போனா வாங்கிக்கலாம். நீ கெளம்புப்பா... எனக்கு ஊருன்னு சொல்ல நீ மட்டுந்தான இருக்க!"

சூப்பர்வைசர்தான் இதை எனக்குப் பிறகு சொன்னார்.

கலியபெருமாள் கிளம்பினார். பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் போனை வாங்கி மகளுக்குப் பேசினார். அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் சோறு இறங்கியது. மறுநாள் பார்த்தால் அவர் வீட்டுக் கூரை பறந்திருந்தது. படகு தென்னை மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. அவர் இருந்தார்... அது போதாதா?

மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. நானே இன்னும் நாகப்பட்டினம்னுதான சொல்லிட்டுத் திரியிறேன்! அப்பல்லாம் ஒரு மனு குடுக்கணும்னாகூட காரைக்காலைத் தாண்டி நாகப்பட்டினத்துக்குப் போகணும். விடிகாலையில கெளம்புவோம். அப்பா பஸ் ஸ்டாண்டுல பரோட்டா வாங்கித் தருவாரு. அந்த மாவட்டத்தை எப்படிக்கா மாத்திச் சொல்றது?"

கவர்மென்ட் எல்லையை மாற்றி உத்தரவு போடலாம். பரோட்டாவுக்கு யார் உத்தரவு போடுவது?

இந்த வாரம் கலியபெருமாள் எனக்குப் போன் பண்ணினார். குரலில் ஒரே பதற்றம்.

"அம்மா, டிவியில இப்பதான் சொன்னான். உங்க கோயம்புத்தூர் மாவட்டத்துல பலத்த மழையாம். எம்மகளையும் புள்ளைங்களையும் வெளிய விடாதீங்க. நீங்களும் பத்திரமா இருங்கம்மா."

கோயம்புத்தூரிலிருந்து எங்கள் திருப்பூர் மாவட்டம் பிரிந்து எத்தனையோ வருடமாகிறது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.