எண்ணெய் மேல் ஒட்டிய பேட்ச்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து வெறுங்கையோடு வந்து மலேசியாவின் ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயில் டயர் கடை போட்டேன், வீடு கட்டினேன், மூன்று பிள்ளைகளைப் பட்டதாரியாக்கினேன். ஆனால் மாதவிடாய் நின்றபின் என் மனைவி வேர்த்துக் கொட்டித் தூக்கம் கெட்டுத் தவித்ததை ஒரு வருடமாகச் சரிசெய்ய முடியவில்லை. இருவருமே ஓய்ந்துபோனோம்.

ஈப்போ டாக்டரம்மா இடுப்பில் ஒட்டும் ஹார்மோன் பேட்ச் கொடுத்தார். கேட்கவில்லை. இரண்டு முறை அளவைக் கூட்டியும் குணம் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம், வழக்கம்போல் அவள் இடுப்புவலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். பேட்சின் ஓரம் கிளம்பி என் விரலோடு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருடமாக டியூபுக்குப் பேட்ச் ஒட்டுகிறவன் நான். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எது ஒட்டும்?

"நான்தான் கெடுத்திருக்கேன்," என்றேன்.

"சும்மா இருங்க லா. தேய்க்கச் சொன்னது நான்தானே."

டாக்டரம்மாவிடம் சொன்னோம். முதலில் கொடுத்த அளவுக்கே இறக்கினார். இப்போது துடைத்து, காயவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி நானே ஒட்டுகிறேன். அவள் தூங்குகிறாள். எனக்குத்தான் அந்த ஒரு வருடக் களைப்பு இன்னும் போகவில்லை.

அடுத்த முறை, 'இந்த அளவே போதும்' என்று டாக்டரம்மா மனைவியின் சிகிச்சை அட்டையில் எழுதினார்.

"என் பேரையும் எழுதுங்க டாக்டர்."

"எதுக்கு, எண்ணெய் தேய்ச்சதுக்கா?" என்று மனைவி சிரித்தாள்.

"கெடுத்ததும் நான்தான், கண்டுபிடிச்சதும் நான்தான். ரெண்டையும் எழுதுங்க."