ஆளே இல்லாமல் பாஸான டெஸ்ட்

குழந்தை, மாமியார், மறுபடி குழந்தை என்று ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்கு வந்ததால், ஆபீஸில் அவளுக்கு 'லீவக்கா' என்று பெயர். கிண்டல்தான், கூப்பிட்டுக் கூப்பிட்டு அதில் கொஞ்சம் பாசமும் ஒட்டிக்கொண்டது. மூன்று மாத ஒப்பந்தம். அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. முதுகில் ஆபரேஷன் ஆன கணவர் எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வேலை நிரந்தரமானால் வீடு ஓடும். இல்லாவிட்டால் என்ன என்று அவள் யோசிப்பதே இல்லை.

வேலையை நிரந்தரமாக்க டீம் லீட் அந்த வாரம் வைத்த பரீட்சை ஒன்றுதான். அவர்கள் செய்வது ஆஸ்பத்திரிகளில் அப்பாயின்ட்மென்ட் போடும் சாஃப்ட்வேர். அதில் எதைத் தொட்டாலும், எதுவும் கெட்டுப்போகவில்லையே என்று பார்க்க நானூற்றுப் பன்னிரண்டு சின்னச் சின்ன டெஸ்டுகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'செட்டப்' என்ற பொதுவான புரோகிராம் ஓடி, போலி நோயாளிகள், போலி டாக்டர்கள் என்று ஒரு ஆஸ்பத்திரியையே கட்டி எழுப்பும். அதற்கு ஏழு விநாடி. தேதி சரியாக எழுதப்படுகிறதா என்று மட்டும் பார்க்கிற டெஸ்டுக்கும் அதே ஏழு விநாடி தண்டம். மொத்தம் ஐம்பது நிமிடம். தேவைப்படுகிற டெஸ்டுகளுக்கு மட்டும் செட்டப்பை வைத்து, பத்துக்குள் கொண்டுவரச் சொன்னார் லீட்.

திங்களும் செவ்வாயும் அவள் ஒவ்வொரு டெஸ்டாகப் படித்தாள். நாள் போதாது என்று தெரிந்ததும் குறுக்கு வழியில் இறங்கினாள். செட்டப்பை மொத்தமாக எடுத்துவிட்டு ஓட்டினாள். ஃபெயில் ஆன முப்பத்தெட்டுக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தாள். வெள்ளி மதியம் திரையில் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். ஆறே நிமிடம். மூன்று மணிக்கே டைரக்டருக்கு லீட் மெயில் தட்டிவிட்டார், ஆளை நிரந்தரமாக்கலாம் என்று. பக்கத்து சீட்டுப் பையனின் பட்டப்பெயர் ஹெட்போன். அதைக் கழற்றாதவன் அன்றைக்குக் கழற்றி, ட்ரீட் எப்போது என்று கேட்டான்.

அதோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். பழைய பழக்கம் விடவில்லை. வேலை முடிந்ததும் நிஜப் புரோகிராமில் வேண்டுமென்றே ஓர் இடத்தைக் கெடுத்து, டெஸ்ட் கத்துகிறதா என்று பார்ப்பாள். ஒரே நேரத்துக்கு இரண்டு நோயாளிகளைப் போட முடிகிற மாதிரி மாற்றினாள். அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு டெஸ்ட் உண்டு. ஓட்டினாள். பச்சை.

மறுபடி ஓட்டினாள். பச்சை.

டெஸ்டைத் திறந்து படித்தாள். பட்டியலில் எந்த இருவருக்கும் ஒரே நேரம் இருக்கக் கூடாது என்பதுதான் அந்த டெஸ்ட். செட்டப் இல்லாததால் பட்டியலில் ஒருவருமே இல்லை. ஆளே இல்லாத இடத்தில் யாரோடு யார் மோதுவது? டெஸ்ட் சமர்த்தாகப் பாஸ் ஆகிவிட்டது. மணி நாலே கால்.

கெடுத்ததைப் பழையபடி ஆக்கிவிட்டு, பட்டியலைப் பார்க்கிற டெஸ்டுகளில் எல்லாம், பட்டியல் காலியாக இருந்தால் ஃபெயில் ஆகு என்று ஒரு வரி சேர்த்து ஓட்டினாள். நாற்பத்து மூன்று சிவந்தன. அத்தனைக்கும் செட்டப்பைத் திருப்பிக் கொடுத்தாள். இப்போது பதினோரு நிமிடம்.

ஹெட்போன் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். மெயில் போய்விட்டது, பேசாமல் இருங்கள், திங்கட்கிழமை நானே சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறேன் என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் போனை எடுத்துப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கணவரிடமிருந்து மெசேஜ் வந்து கிடந்தது. ஆனால் இந்த டெஸ்டுகளை நம்பித்தான் புது வெர்ஷன் நாளைக் காலையே ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஒரே நேரத்துக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டுவிட்டு ஒருவரைத் திருப்பி அனுப்புகிற வராந்தாவில், கணவரை வீல்சேரில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருக்கிறாள்.

எழுந்து லீடின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த ஆறு நிமிஷம் தப்பு."

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இப்ப எவ்வளவு?"

"பதினொண்ணு."

"பத்துன்னுதானேம்மா சொல்லியிருந்தேன்."

"அந்தப் பத்து எங்கேர்ந்து சார் வந்தது?" கேட்க நினைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான்தான் போட்டேன். ரவுண்டா இருக்கட்டுமேன்னு."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை. சரிபார்க்காமல் மெயில் போட்டது தன் தப்பு என்றும், இனி முடிவு தன் கையில் இல்லை என்றும் சொல்லிவிட்டு, அவளை நிற்க வைத்தே டைரக்டருக்கு இரண்டாவது மெயிலை அடித்தார்.

பதில் ஐந்தே முக்காலுக்கு வந்தது. பதினொன்று இருந்துவிட்டுப் போகட்டும். நிரந்தரம் இப்போது இல்லை. இன்னும் மூன்று மாத ஒப்பந்தம், பிறகு பார்க்கலாம். திரும்பவும் முதலிலிருந்து. நிம்மதியா அடியா என்று தெரியாமல் இரண்டு முறை படித்தாள். 'வேலை இருக்கு. மூணு மாசம்' என்று கணவருக்கு அனுப்பினாள்.

பிறகு அதே இடத்தை மறுபடி கெடுத்து, ஓட விட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது நிமிடம் சிவப்பு வந்தது. கெடுத்ததைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.