பெரிய மெடல் கேட்டு மலையேறியது

என் வீட்டுக்காரருக்கு மெடல் வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எழுபத்தொன்றாம் வருஷத்து வங்காளச் சண்டை முடிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, இடது காலை இழுத்து இழுத்து நடந்தபடி ஊருக்கு வந்து சேர்ந்தார். மெடல் பின்னால் வந்தது. சேனா மெடல் என்று அதற்குப் பெயர். அதைப் பீரோவில் என் கூறைப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவார். கேட்காவிட்டால் அதன் நினைவே அவருக்கு இருக்காது. வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்தோம். என் வாழ்க்கையில் நிம்மதியாக இருந்த காலம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருமுறை பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடும் விசேஷம் ஒன்றுக்குப் பெங்களூர் போனார். சண்டையில் அவருக்கு மேலே இருந்த அதிகாரி, அப்போது ரிட்டையர் ஆகியிருந்தவர், அங்கே இவர் தோளில் கைபோட்டு, "உனக்கு நான் எழுதி அனுப்பியது வீர் சக்ரா. மேலே போன இடத்தில் ஒரு படி குறைத்துவிட்டார்கள்" என்று சொல்லியிருக்கிறார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, நடந்ததைச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையோடு இவர் திரும்பி வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை.

வீர் சக்ரா என்று எங்கள் வாயில் வராது. "சக்கரம்" என்போம். சக்கரத்துக்காக இவர் மனு எழுதினார். டில்லிக்கு எழுதினார், பட்டாளத்துக்கு எழுதினார், கடலூரில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் ஆபீசுக்கு நேரில் போனார். தனியாகப் பஸ் ஏற அந்தக் கால் இடம் கொடுக்காது என்பதால் நானும் கூடப் போவேன். விடிவதற்குள் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினால் வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். அந்த ஆபீஸ் வராந்தாவில் சுவரில் சாய்ந்தால் முதுகெல்லாம் சுண்ணாம்பு ஒட்டும். சாயாமலும் உட்கார முடியாது. வீட்டுக்கு வந்து புடவையை உதறும்போது எனக்கு அழுகை வரும். அவர் மட்டும் அடுத்த மனுவில் என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

இதற்கிடையில் அந்த அதிகாரி இறந்துபோனார். பரிந்துரை செய்தவரே இல்லை என்றால், சண்டையில் கூட இருந்து கண்ணால் பார்த்த ஒருவராவது எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் அந்த மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சண்டையில் இவரோடு வயலில் கிடந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே இறந்துபோனார்கள். மீதிப் பேர் எந்தெந்த ராஜ்ஜியத்திலோ இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் ஒரே ஒருவர். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குக் கீழே ஒரு சிற்றூரில் சாமை விதைத்துக்கொண்டிருந்தார். எப்போதாவது கச்சிராயபாளையம் சந்தைக்குக் கடுக்காயும் புளியும் கொண்டுவருவார். பார்த்தால் "சௌக்கியமாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். நின்று பேசியது இல்லை. அவர் குடும்பத்தோடு காப்பித் தோட்ட வேலைக்குப் புறப்படப் போகிறார், பொங்கலுக்குத்தான் திரும்புவார் என்று சந்தையில் யாரோ சொன்னார்கள். போனால் அந்த வாரமே போக வேண்டும்.

அந்த வாரம்தான் மறியல்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனமெல்லாம் ரோட்டுக்கு வந்த வருஷம் அது. என் பெரிய அண்ணன் எங்கள் ஊர் ஆட்களுக்கு முன்னால் நின்றார். மறியலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்தார். நான் களத்தில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மோர் கொண்டுவந்து வைத்தேன்.

"மாப்ள, நாளன்னிக்கி ரோட்டுல குந்தப்போறோம்" என்றார். "நீ அந்த மெடலக் குத்திகினு முன்னால நட. தாசில்தார் வந்தா அவரு கையில குடுத்துடு. எங்க புள்ளைங்களுக்கு எடம் குடுக்காத கவர்மெண்டு குடுத்த மெடல் எங்களுக்கு வாணாம்னு சொல்லு. போட்டோ புடிக்கறதுக்கு ஆள் வருது."

என் வீட்டுக்காரர் மோரை அண்ணன் பக்கம் நகர்த்தினார். பிறகு, "மச்சான், இத்தப் பெரிசா மாத்திக் குடுன்னு நானே கேட்டுகினு இருக்கறன். இருக்கறதையும் இந்தா புடின்னு குடுத்தா அவங்க இன்னா நெனப்பாங்க?" என்றார்.

"அவங்க நெனக்கறது இருக்கட்டும். உம் புள்ள பன்னண்டாவது முடிச்சிட்டு வூட்டுல குந்திகினு இருக்கறானே, அவன் இன்னா நெனப்பான்?"

அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லும்மா" என்றார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. இரண்டு பேர் மேலும் சலிப்பாகவும் இருந்தது. இந்தச் சின்ன வட்டத்தை ஒருவர் கொடுக்கச் சொல்கிறார், ஒருவர் பெரிதாகக் கேட்கிறார், நடுவில் நான் எந்தப் பக்கம் பேச? உலை வைக்க எழுந்து போனேன். அண்ணன் மோரைத் தொடாமலே கிளம்பிவிட்டார்.

மறியல் தொடங்கிய மறுநாள் காலை நாங்கள் மலைக்குப் புறப்பட்டோம். பஸ் இல்லை, மாட்டுவண்டியும் போகாது. சாலையோரத்துப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். வெயிலில் வாடிய புளிய இலை வாசம் வழியெல்லாம் வந்தது. ஒரு மரத்தடியில் அண்ணனும் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க?" என்றார் அண்ணன்.

"மலைக்கு" என்றேன்.

எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்கும். எழுந்து வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். இவரை இடுப்பில் பிடித்துத் தூக்கி மரத்தைத் தாண்டவிட்டார். எனக்கும் கை கொடுத்தார். பையைத் திருப்பித் தந்துவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

கோமுகி அணையைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். நல்ல கால் உள்ளவர்களுக்கே மூச்சு வாங்கும் ஏற்றம் அது. இவர் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த கல்லில் எல்லாம் நானும் உட்கார்ந்தேன். "நீ கீழயே இருந்திருக்கலாம்" என்றார் ஒருமுறை. இருந்திருந்தால் யார் மேலே சாய்ந்து ஏறியிருப்பார் என்று நான் கேட்கவில்லை.

உச்சி சாய்ந்த பிறகு அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். எங்களைப் பார்த்ததும் அவர் ஓடி வந்தார். கை கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். சாப்பிட்டு முடிந்ததும் என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். மலைக்காரர் முகம் மாறிவிட்டது.

"சாட்சியா? நானா?"

"நீதாண்டா. எனக்கு வலப்பக்கம் நீதான கெடந்த?"

அவர் அறுத்து முடிந்த சாமைக் கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, நான் பாக்கலண்ணா."

"இன்னா பாக்கல?"

"கெடந்தன். மூஞ்சியச் சேத்துல வச்சிகினு கெடந்தன். மிஷின்கன்னு நின்னப்பறந்தான் தலையத் தூக்கனன். அப்ப நீ கரைமேல விழுந்து கெடந்த. அத்தான் பாத்தன். நீ எழுந்ததும் பாக்கல, போனதும் பாக்கல." குரல் இறங்கிவிட்டது. "பொண்டாட்டிகிட்ட கூட இத்தச் சொன்னதில்ல. வெக்கம்."

பிறகு மலைக்காரரே அவசரமாகப் பேசினார். "அத்தனால இன்னாண்ணா? நீ பண்ணது நெஜந்தான. இன்னா எழுதணுமோ சொல்லு, அண்ணி எழுதட்டும். நான் கையெழுத்துப் போடறன்."

நான் எட்டாவது வரை படித்தவள். பேப்பரும் பேனாவும் பையில் தயாராக இருந்தன. எடுத்து வெளியே வைத்தேன். என் முழங்கால் இரண்டும் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தன. மறுபடியும் அந்தச் சுண்ணாம்புச் சுவரில் போய்ச் சாய்ந்து உட்கார வேண்டாம் என்பது ஒன்றுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

"அவருதான் போடறேன்றாரே, எழுதிடலாங்க" என்றேன்.

"வாணாம்."

"ஏன்?"

"பாக்கலன்றானே" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் அலையவிட்டு, ஒரு மலையை ஏறவைத்து, கடைசியில் கைக்கு வந்ததை வேண்டாம் என்கிறார். பேப்பர், பேனா, பை எல்லாவற்றையும் சரிவில் எறிந்துவிடலாமா என்று இருந்தது. எறியவில்லை. அடுப்படியிலிருந்து வெளியே வந்த மலைக்காரர் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டு, "காலை நீட்டுங்க" என்றாள். நீட்டினேன்.

அப்போது என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். என்னிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. மனுக்களில் இருப்பது வேறு. அதில் எதிரியின் பதுங்குகுழி, உயிரைப் பொருட்படுத்தாமல் என்றெல்லாம் வரும்.

"வயல்ல தண்ணி, ஞாபகம் இருக்குதா? நம்மூரு நெலம் மாதிரியே இருந்திச்சி. குளிரு. கால் ரெண்டும் மரத்துப் போச்சி. இன்னும் கொஞ்ச நேரம் கெடந்தா எழுந்திருக்கவே முடியாதுன்னு பயம். மிஷின்கன்னு சத்தம் ஒரு நொடி வுட்டுச்சி. எழுந்தன். அவ்ளோதான் எனக்குத் தெரியும். அப்பறம் கண்ணு முழிச்சா கரைமேல கெடக்கறன், கை அந்தக் கன்னு கொழாய்மேல இருக்குது, தோல் பொசுங்குது. நடுவுல ஒண்ணும் இல்ல. ஓடனனா, ஊர்ந்து போனனா, குண்ட எப்பப் போட்டன், ஒண்ணுமே தெரியல. ஆபீசர் எழுதனத்தப் படிச்சித்தான் நான் இன்னா பண்ணன்னு எனக்கே தெரிஞ்சிது. நீ பாத்திருப்ப, கேட்டுக்கலாம்னு இருந்தன்."

மலைக்காரர் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "நீ கத்தன. அது காதுல வுழுந்திச்சி" என்றார்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "கத்தனனா? இன்னான்னு?"

மலைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "அண்ணி இருக்கறாங்க. அத்தச் சொல்ல முடியாது."

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இறங்க முடியாது என்று அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை வெறும் பேப்பரோடு கீழே வந்தோம்.

அதற்குள் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அண்ணி எங்கள் வாசலில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மெடலை எடுத்துக் குத்திக்கொண்டார். ஸ்டேஷனுக்கு நானும் போனேன். இன்ஸ்பெக்டர் மெடலைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நாற்காலி போடச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார்.

"என் மச்சானை வுடுங்க சார். மரம் வெட்டனது அவரு மட்டும் இல்ல" என்றார் இவர்.

"மேலேருந்து ஆர்டர் சார். என் கையில இல்ல. நீங்க டீ சாப்பிடுங்க."

இவர் டீயைத் தொடவில்லை. கம்பிக்குப் பின்னால் அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கடலூர் ஜெயிலில் இருந்துவிட்டு, சில நாள் கழித்து ஜாமீனில் வந்தார். முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். "உன் வூட்டுக்காரரு டீயக் குடிக்காமயே வச்சிட்டுப் போய்ட்டாரும்மா. எனக்காவது குடுக்கச் சொல்லியிருக்கலாம்" என்றார். அதன்பிறகு மெடலைப் பற்றி அவர் பேசியதில்லை.

இரண்டு வருஷத்தில் ஒதுக்கீடு வந்தது. பையனுக்கும் ஒரு வேலை கிடைத்தது. போராட்டத்தால் கிடைத்தது என்பார் அண்ணன். விடாமல் பரீட்சை எழுதியதால் கிடைத்தது என்பான் பையன். இன்றும் பொங்கலுக்குக் கூடினால் இந்த வாக்குவாதம் உண்டு.

சக்கரம் வரவில்லை. காலம் கடந்துவிட்டது, பார்த்த சாட்சியும் இல்லை என்று பதில் வந்தது. அத்தோடு விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. சாட்சி இல்லை, ஆனாலும் பரிசீலிக்க வேண்டும் என்று மறுபடியும் எழுதினார். முன்பு இருந்த வேகம் மட்டும் இல்லை. கடலூருக்கு இனிமேல் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பையனுக்கு லீவு கிடைக்கும் நாளில் அவனோடு போனார். மலைக்காரர் சந்தைக்கு வந்தால் வீட்டுக்கும் வந்துபோக ஆரம்பித்தார். இரண்டு பேரும் மழையைப் பற்றியும் மரவள்ளி விலையைப் பற்றியும்தான் பேசிக்கொள்வார்கள்.

மாவட்டத்தைப் பிரித்து விழுப்புரத்தில் புது ஆபீஸ் வந்தது. அங்கே ஒரு சின்ன வயது அதிகாரி இவரை உட்காரவைத்து, எல்லாப் பேப்பரையும் பொறுமையாகப் படித்துப் பார்த்து, "ஐயா, இதுக்குமேல இது எங்கயும் போகாதுங்க" என்று சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானமே வீடு திரும்பிவிட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நல்ல பையன். பாவம், அவனுக்குச் சொல்லவே கஷ்டமா இருந்திச்சி" என்றார்.

சோறு போட்டேன். சாப்பிட்டார். பகலில் தூங்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அன்று பாயை விரித்துப் படுத்தவர், நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வாசல் தெளித்துவிட்டு வரும்வரை குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.