செத்தவர் வீட்டு டிஸ்க்

இது கட்டுக்கதை இல்லை. எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில், தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போகிற நேரத்தில். பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொன்ன மகராசன் கிங்ஸ்டன் பக்கம் வந்ததே இல்லை போல.

என் பெயர் கேடியன். அந்த ஊரில் வாட்டர்ஹவுஸ் பேட்டையில் தலை பின்னிவிட்டுப் பிழைக்கிறேன். உயிர் மட்டும் பாடுவதில். எங்கள் ஊரில் இசையமைப்பாளர் ஒரு தாளத்தைச் செய்து பல பேருக்கு அனுப்புவார். அதே தாளத்தின் மேல் ஆளுக்கொரு பாட்டுப் பாடி அனுப்ப வேண்டும். பிடித்ததை வெளியிடுவார். ஏழு வருடம் நாயாய் அலைந்து, அப்படி ஒரு தாளம் முதல்முறையாக என் கைக்கு வந்திருந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிதான் கெடு. ஸ்டுடியோ வாடகைக்கு எத்தனை தலை பின்னினாலும் கட்டாது. அதனால் வீட்டிலேயே பதிவு செய்ய மலிவாக ஒரு கம்ப்யூட்டர் கட்டத் துணிந்தேன்.

எவரால்ட் என்னோடு பள்ளியில் படித்தவன். இப்போது கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறான்.

"பளபளன்னு விளக்கெரியிற பெட்டி உனக்கெதுக்குடி? கிராஃபிக்ஸ் கார்டு கேம் ஆடுறவனுக்கு. உனக்கு மெமரி வேணும், வேகமான டிஸ்க் வேணும், சத்தம் போடாத ஃபேன் வேணும். மைக்குக்குப் பாம்புக் காது. மத்ததையெல்லாம் குப்பையில பொறுக்கிக்கலாம்."

ஏதோ அலுவலகம் தூக்கிப்போட்ட பெட்டி கிடைத்தது. மெமரியும் தேறியது. டிஸ்க் விலைதான் எட்டவில்லை. வெள்ளிக்கிழமை எவரால்ட் ஒன்றைக் கொண்டுவந்தான். பாதி விலை.

"யாருதுடா?"

"லாசெல்ஸ். தாளம் போடுவாரே, போன வாரம் செத்துப்போனாரு. அக்கா மிஸ் வெரோனா வித்துட்டாங்க."

"நைன் நைட் முடிஞ்சுதா?"

"அதுக்குக் கட்டிலத்தான் திருப்பிப் போடணும். டிஸ்கையுமா திருப்புவாங்க?"

சிரித்துவிட்டேன். நைன் நைட் என்பது ஒன்பதாம் நாள் சடங்கு; அதுவரை செத்தவர் வீட்டைச் சுற்றிவருவார். அன்று கட்டில், மேசை எல்லாவற்றையும் இடம் மாற்றிப் போடுவோம். திரும்பி வந்தாலும் அறை அடையாளம் தெரியாமல் போய்விடுவார். அதுவரை அவர் பொருளைத் தொடக்கூட என் அம்மா விடமாட்டாள். எல்லாம் தெரிந்தும் வாங்கினேன். ஆசை வெட்கம் அறியாது, என் விஷயத்தில் பயமும் அறியவில்லை.

சனிக்கிழமை, 3:10. டிஸ்கில் இருந்ததையெல்லாம் எவரால்ட் சுத்தமாக அழித்துக் கொடுத்திருந்தான். மாட்டினேன். வெளிச் சத்தம் வராமல் இருக்க ஜன்னலில் மெத்தையைச் சாய்த்தேன். ஒரு முறை பாடிவிட்டுப் போட்டுக் கேட்டேன். என் குரல். இரண்டாவது வரி முடிந்ததும்... ஓர் இருமல். ஆண் இருமல்.

பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கும் என்று மறுபடி பாடினேன்.

3:35. இருமல் இல்லை. கிறீச்... நாற்காலி சாயும் சத்தம். நான் நின்றுகொண்டுதான் பாடினேன். என் வீட்டில் நாற்காலியே கிடையாது.

3:52. நான் வாயைத் திறக்கவில்லை. திரையில் ஒலிக்கோடு தானாக ஏறியது... இறங்கியது... மூச்சு விடுவதுபோல.

மைக் வயரைப் பிடுங்கினேன். கோடு நிற்கவில்லை.

ஹெட்போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நல்லாருக்கு. மறுபடி பாடு."

களைத்த குரல்.

ஓடியிருக்க வேண்டும். ஆறு மணிக் கெடு என் காலைக் கட்டிப்போட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... வயரை மாட்டிவிட்டுப் பாடினேன்.

"மறுபடி."

பாடினேன்.

"மறுபடி."

4:40. தொண்டை புண். நிறுத்தினேன். ஹெட்போனைக் கழற்றினேன்.

"மறுபடி."

என் பிடரியில்... சில்லென்று.

மின்வயரை உருவினேன். டிஸ்கைக் கழற்றிப் பையில் போட்டேன். ஓடினேன்.

5:30க்கு மிஸ் வெரோனா வீட்டு வாசலில் நின்றேன். அன்றுதான் ஒன்பதாம் நாள். முற்றத்தில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. கிழவர்கள் டோமினோ காய்களை மேசையில் அறைந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு மிஸ் வெரோனா நெஞ்சில் கைவைத்தார்.

"உனக்குத்தான் புத்தியில்லன்னா எனக்குமா இல்லாமப் போச்சு! கட்டிலத் திருப்பியாச்சு, மேசையத் திருப்பியாச்சு. அவன் உயிரையே அந்த டிஸ்குலதான் வச்சிருந்தான். அதைப் போயி வித்துட்டேனே!"

டிஸ்கை வாங்கி மடியில் இறுக்கிக்கொண்டார். ஆறு மணி அங்கேயே கடந்தது. ஏழு வருட ஆசை மண்ணாய்ப் போயிற்று என்று, பொரித்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

6:25. இசையமைப்பாளர் அழைத்தார்.

"பாட்டு வந்துச்சு கேடியன். இத்தனை நாள் எங்கம்மா ஒளிஞ்சிருந்தே? என்னா குரல்!"

"எப்ப... வந்துச்சு?"

"5:52. ஏன்?"

5:52க்கு டிஸ்க் மிஸ் வெரோனா மடியில் இருந்தது. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மின்சாரமே இல்லை.

பாட்டு வெளியாகிவிட்டது. இன்று கிங்ஸ்டனில் அது ஒலிக்காத டாக்சி இல்லை. குரல் என்னுடையதுதான், சத்தியமாக. ஆனால் நான் எழுதியது இரண்டு சரணம். பாட்டில் மூன்று இருக்கிறது.

மிஸ் வெரோனாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது சரணம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதைப் பாடிக்கிட்டிருந்தப்பதான் விழுந்தான். நான் சமையக்கட்டுல இருந்தேன். பாதி வரியில நின்னுபோச்சு. மீதி என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

மீதி, என் குரலில், முழுதாக ஓடி முடிந்தது.

இசையமைப்பாளர் அடுத்த பாட்டுக் கேட்கிறார். நேற்று ஒரு நல்ல ஸ்டுடியோவில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கு அனுப்பிய அந்தக் குரல்தான் வேண்டுமாம்.