நன்றி போஸ்டருக்கு அடியில்

என் வீட்டுக்காரர் ஜெகபர் அலிக்கு அல்லாஹ்வைத் தவிர எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. டிவியில் மழை வரும் என்று சொன்னால், கொடியில் இன்னும் இரண்டு துணியைக் கொண்டுபோய்க் காயப்போடுவார். தோல் ஷாப்பில் முப்பது வருஷம் தோலைத் தடவித் தடவித் தரம் பிரித்த மனுஷன். மேலே மினுமினுப்பாகத்தான் இருக்கும், திருப்பிப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும் என்பார். பேப்பரையும் அதே கண்ணோடுதான் படிப்பார். பேகம்பூர் டீக்கடையில் காலையில் அவர் பேப்பரோடு உட்கார்ந்தால் சுற்றி ஒரு கூட்டம் நின்றுவிடும். வாசிப்பது ஒரு வரி, நக்கல் நாலு வரி.

"'மெயின் ரோட்டுக்கு மிக அருகில், பஸ் வசதியுடன் வீட்டுமனைகள்.' ஆமாப்பா, பஸ்ஸு இருக்கு. பிளாட்டு பாக்கக் கூட்டிட்டுப் போறாய்ங்கள்ல, அந்த பஸ்ஸு."

அடுத்த பக்கம் அரசியல்.

"'பாலம் கட்டப்படும், அமைச்சர் உறுதி.' போன வருசமும் உறுதி, அதுக்கு முந்தின வருசமும் உறுதி. சிமெண்டுகூட இம்புட்டு உறுதியா இருக்காது."

நம்ப நட, நம்பி நடக்காதே என்பதை வாய்க்கு வாய் சொல்வார். அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தாளை நம்பினார். அது எங்கள் ஒத்திப் பத்திரம்.

எங்கள் பக்கத்தில் ஒத்திக்கு வீடு பிடிப்பது சகஜம். ஒரு பெரிய தொகையை மொத்தமாக ஓனர் கையில் கொடுத்துவிட வேண்டும். வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். தோல் ஷாப்பை விட்டு வந்தபோது கிடைத்த பணத்தையும் என் வளையலையும் சேர்த்து ஒச்சப்பன் என்கிற ஓனரிடம் கொடுத்துவிட்டு இந்த மாடி வீட்டுக்கு வந்தோம். "பேங்க் கடனுமில்ல, வட்டியுமில்ல, வாடகையுமில்ல. மார்க்கத்துக்கும் பழுதில்ல பாத்தியா" என்று அவருக்கு அன்றைக்கு ஒரே பெருமை. கொடுத்த பணத்துக்காக ஒருத்தர் வீட்டில் சும்மா குடியிருப்பதும் வட்டியில்தான் சேரும் என்று ஒரு ஜும்மாவில் ஹஜ்ரத் பயான் செய்தாராம். மருமகன் சொல்லித்தான் எனக்கே தெரியும். இவரைக் கேட்டால், "இன்னிக்குப் பள்ளிவாசல் மைக்கு சரியில்ல" என்றார்.

பிறகு என் மூட்டு போனது. எங்கள் படி வெளிப்பக்கம் வைத்த இரும்புப் படி. செங்குத்தாக, ஒரு ஆள் அகலம்தான் இருக்கும். படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன பெருநாளைக்கு மகள் ஃபாயிஸா வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, என்னை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்து வைத்தார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. வெட்கத்தில் செத்துப்போனேன். அதற்கப்புறம் நான் இறங்கவில்லை. ஜன்னல்தான் எனக்கு ஊர். மலைக்கோட்டையில் ஒரு துண்டு தெரியும், எதிர்வீட்டுத் தண்ணி டேங்க் தெரியும், கீழே எங்கள் கேட் தெரியும். என் கூடப்பிறந்த அக்கா பக்ருன்னிசா சாணார்பட்டியில் மௌத்தானபோது செல்போனில்தான் கடைசியாக முகம் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் படியைப் பிய்த்து எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

ஃபாயிஸா தெருவிலேயே படி இல்லாத ஒரு கீழ் வீடு காலியானது. அதுவும் ஒத்திக்குத்தான். எங்கள் பணம் கைக்கு வந்தால் மறுநாளே போய்விடலாம். கேட்கப் போனால், ஒச்சப்பன் கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார்!

"பாய், பணம் பூராம் எலக்சன்ல எறங்கிருச்சு. ஜெயிச்ச மறுவாரம் உங்க பணத்த உங்க கையில தாரேன். நான் எங்க ஓடிப்போயிரப் போறேன்?"

புலிவாலைப் பிடித்த கதைதான். அவர் தோற்றால் எங்கள் பணமும் தோற்றது. அதனால், எந்த அரசியல்வாதியையும் மதிக்காத என் வீட்டுக்காரர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலிச் சின்னத்துக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்டார். ஒரு நாள் ஃபாயிஸா உள்ளூர் சேனல் வீடியோ ஒன்றை அனுப்பினாள். மைக்கை நீட்டி ஒருவன், "பொதுமக்கள் கருத்து என்னங்கய்யா?" என்று கேட்கிறான். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நடுநிலையாச் சொல்றேன். ஒச்சப்பன் ஜெயிச்சாத்தான் எங்க வார்டுக்கு விடிவு" என்கிறார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

அவர் வீட்டுக்கு வந்ததும், "நடுநிலை நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

"சும்மா கெட. எனக்கு முன்னாடி பேசுனவனும் இதையேதான் சொன்னான். மைக்கு நீட்டுன பயதான் சொல்லிக் குடுக்கான்."

ஒச்சப்பன் தோற்றார். அதுவும் மூன்றாவது இடம். தோற்ற வாரமே டிப்டாப்பாக இரண்டு பேர் வந்து, கேட் பக்கத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஜன்னலிலிருந்து எனக்கு எழுத்துத் தெரியவில்லை. செத்த நேரத்தில் ஒச்சப்பனே பசை வாளியோடு வந்து இறங்கினார். அந்தத் தாளின் மேல், அது துளிக்கூடத் தெரியாதபடி, தன் போஸ்டரை ஒட்டித் தேய்த்தார். கும்பிட்ட கையோடு அவர் படம். 'வாக்களித்த நல்லுள்ளங்களுக்கு நன்றி.' தோற்றவர் நன்றி சொல்ல இவ்வளவு அவசரப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏங்க, அந்தப் போஸ்டருக்கு அடியில என்ன இருக்குன்னு பாருங்களேன்" என்றேன்.

"பேங்க் லெட்டராம். கடனக் கட்டியாச்சுன்னு ஒச்சப்பன் சொன்னாப்ல."

"சொன்னாப்லயா? நீங்களும் நம்பிட்டீங்களா?"

"அடுத்தவன் போஸ்டரக் கிழிக்கிறது மரியாதையில்ல, ரம்ஜான்" என்று என் பேரைச் சொல்லி வாயை அடைத்தார்.

முப்பது வருஷம் தோலைத் திருப்பிப் பார்த்தவர் ஒரு காகிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், இந்த வீட்டைவிட்டுப் போக எங்களுக்கு வழியே கிடையாது. நானும் அதற்குமேல் அவரை நச்சரிக்கவில்லை.

ஒச்சப்பன் புதுக் கதை சொன்னார். அடுத்த ஒத்திக்கு ஆள் வரட்டும், அவர்கள் தரும் பணத்தை அப்படியே எங்களுக்குத் தந்துவிடுகிறேன் என்றார். அதாவது நாங்கள் வெளியே போக வேண்டுமென்றால் இன்னொரு குடும்பம் உள்ளே வந்து மாட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் ஜோடியை அனுப்பிவைத்தார். மிக்கேல்ராஜ் மில்லில் வேலை பார்க்கிறவர். அவர் மனைவி ஷைனி நிறை வயிற்றோடு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மூச்சிரைக்க ஏறி வந்தாள். எங்கள் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"காத்த பாருங்க தம்பி, ஃபேனே வேணாம். தண்ணி நிக்காம வரும். ஸ்கூலு, ஆஸ்பத்திரி, பஸ்ஸு, எல்லாமே பக்கம்."

டீக்கடையில் எந்த விளம்பரத்தைக் கிழிகிழியென்று கிழிப்பாரோ, அதே விளம்பரத்தை வரி பிசகாமல் ஒப்பித்தார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

ஷைனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நல்ல வீடா இருக்கே பாயம்மா. ஏன் காலி பண்றீங்க?"

"மூட்டு வலிம்மா. படி ஏற முடியல."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தானோ என்னவோ எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் குனிய முடியாமல் குனிந்து என் முழங்காலில் கை வைத்தாள். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான். தைலம் இருந்தாக் குடுங்க, தேச்சு விடுறேன்" என்றாள்.

யா அல்லாஹ், அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"கீழ போனதும் கேட் பக்கத்துல ஓனர் போஸ்டர் ஒட்டியிருக்கும்மா. அதக் கிழிச்சு அடியில என்ன இருக்குன்னு பாருங்க. பாத்துட்டு அப்பறம் பணம் குடுங்க."

என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஷைனிதான் புருஷனைப் பார்த்தாள்.

"குடுத்துட்டமே பாயம்மா" என்றாள். "வியாழக்கிழமையே பூராத்தையும் குடுத்துட்டோம். இன்னொரு பார்ட்டி வர்றாங்க, முந்திக்கங்கன்னு சொல்லி வீடியோவுல வீட்டக் காட்டினாரு. என் நகையெல்லாம் வித்துத்தான்..."

வீடு பார்க்க வந்தவர்கள் என்று நாங்கள் நினைத்தோம். அவர்கள் கட்டிலை எங்கே போடலாம் என்று பார்க்க வந்திருக்கிறார்கள். வியாழக்கிழமை வாங்கிய பணத்தைப் பற்றி ஒச்சப்பன் எங்களிடம் மூச்சுக்கூட விடவில்லை.

மிக்கேல்ராஜ் தடதடவென்று இறங்கினார். அவர் பின்னாலேயே அவளும் போனாள். காகிதம் கிழியும் சத்தம் மேலே கேட்டது. அப்புறம் "ஐயோ ஏசப்பா" என்று அவள் அலறினாள்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. முதல் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு படியாக நழுவினேன். எங்கள் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே என் காலைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் ரம்ஜான், விழுந்துருவ. திரும்ப எப்படி ஏறுவ?" என்று கெஞ்சினார்.

"வெலகுங்க" என்றேன்.

இத்தனை மாதம் கழித்துத் தரையில் கால் வைத்தபோது சிமெண்ட் சுட்டது. அந்தப் பெண் கேட்டடியில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். நானும் அவள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து, அவள் தலையை என் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இனி எழுந்திருக்க யாராவது தூக்கினால்தான் உண்டு.

சுவரில் ஒச்சப்பனின் தலை கிழிந்து போயிருந்தது, கும்பிட்ட கை மட்டும் மிச்சம். தலை இருந்த இடத்தில் பேங்க் தாள் முழுசாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாமே வாசித்தார். கடன் கட்டாததால் இந்த வீடு வங்கியின் வசம் வந்துவிட்டது, இதை யாரும் வாங்கவோ விற்கவோ ஒத்திக்குப் பிடிக்கவோ கூடாது, மீறினால் வங்கி பொறுப்பல்ல. டீக்கடையில் வாசிக்கிற அதே குரலில் முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை வாசித்தார். தெருவில் போன இரண்டு பேர் வழக்கம்போல நின்று கேட்டார்கள். நக்கலுக்காகக் காத்திருந்தார்கள். நானும்தான் காத்திருந்தேன்.

"என்னங்க," என்றேன், "ஒண்ணும் சொல்லலையா?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சொல்ல ஒண்ணுமில்ல ரம்ஜான். அம்புட்டும் நெசம்."