சவரிராயன் சந்தேகப்படாத பாகம்

கார் ஏன் கறுப்புப் புகை விடுகிறது? 1986 தை மாதத்தில் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். மொரப்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் சவரிராயனுக்கும் அப்போது அதே நிலைமைதான்.

அதுவரை அவர் கை வைத்ததெல்லாம் ஆயில் இன்ஜினும் டிராக்டரும். முதன்முதலாகத் தன் வீட்டுக் காரை அவரை நம்பி விட்டவர் பெரியண்ணன். நாலு மைல் தள்ளி ஊர்; பழைய கார். பெரியண்ணனின் மனைவி ஜானகியம்மாளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் தர்மபுரியில் வைத்தியம். அந்தக் கார்தான் அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவரும்.

ஒரு வியாழக்கிழமை கார் நின்று நின்று, புகைந்துகொண்டு வந்தது. சவரிராயன் பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்து மாட்டி, “இனி நிக்காதுங்கண்ணா” என்று அனுப்பிவைத்தார். மறுநாளே அது நடுவழியில் திணறி நின்றுவிட்டது. வைத்தியத்துக்குப் போன அம்மாள் புளியமரத்தடியில் ஒரு கல்லின்மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

“அடுத்த வெள்ளிக்கும் நின்னா வண்டிய சேலத்து மெக்கானிக்கிட்ட விட்டுடுவேன் சவரி. கோவிச்சுக்காதே” என்றார் பெரியண்ணன்.

திங்களும் செவ்வாயும் சவரிராயன் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுக் கழுவினார். ஊசியை மாற்றினார். புகை குறையவில்லை. பெட்ரோலுக்கு ஏற்ற காற்று இன்ஜினுக்குள் போகவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஆனாலும் காற்று நுழையும் இடத்தில் இருக்கிற ஏர் பில்டரை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் புதிதாக வாங்கி அவரே மாட்டியது அது. தன் கையால் போட்டதைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

புதன்கிழமை மத்தியானம் வண்டியை எடுக்க வந்த பெரியண்ணனிடம், “நானும் வண்டியில வரேங்கண்ணா. ஓடறப்ப பாக்கணும்” என்று ஏறிக்கொண்டார்.

ஊர் எல்லையில் தார் ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. எங்கள் பக்கத்தில் அறுத்த கொள்ளை இப்படி ரோட்டில்தான் போடுவார்கள். வண்டிகள் ஏறி ஏறிக் காய் உடைந்து கொள்ளு உதிரும். விளக்குமாறும் கையுமாக நின்ற முனியம்மாள் காரை மறித்தாள்.

“பஸ்காரன் ஒரு தரம் ஏறிட்டு ஓடிடறான். நீங்க நாலு தரம் போய்ட்டு வாங்க மாமா, புண்ணியமாப் போவும்.”

“புண்ணியம் எனக்கு, கொள்ளு உனக்கா?”

“ரசத்துக்கு ஒரு படி குடுத்தனுப்பறேன், போங்க.”

பெரியண்ணன் சிரித்துக்கொண்டே முன்னும் பின்னுமாக ஓட்டினார். பானெட்டை மறைக்கிற அளவுக்குத் தூசி எழும்பியது. சவரிராயன் கண்ணாடி வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெனமும் இப்படித்தானுங்களா?”

“பொங்கல்லேர்ந்து. ஊர்க் கொள்ளு பூராவும் நம்ம வண்டிதான்” என்றார் பெரியண்ணன் பெருமையாக.

“கொஞ்சம் நிறுத்துங்க.”

பில்டரைக் கழற்றினார். மடிப்புக்கு மடிப்பு கொள்ளுத் தூசி மெத்தை மாதிரி அப்பியிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். புகை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, பிறகு இல்லாமலே போனது.

“குதிரை கொள்ளு தின்னா ஓடுது. உங்க காரு தின்னா நின்னுடுது மாமா” என்றாள் முனியம்மாள்.

பெரியண்ணன் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப நாந்தான் கெடுத்தேனா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சவரிராயனின் பெயர் தப்பியிருக்கும். அவர் சொல்லவில்லை.

“இல்லீங்கண்ணா. நீங்க ஊருக்குத்தான செஞ்சீங்க. நான் போட்டதாச்சேன்னு தொறந்து பாக்காம வுட்டேன் பாருங்க, அதான் தப்பு. அக்கா ரோட்டுல உக்காந்தது என்னாலதான்.”

வியாழன் காலை ரயிலில் சேலம் போய்ப் புது பில்டர் வாங்கிவந்து மாட்டினார். ஜானகியம்மாளைக் கூப்பிட்டு பில்டர் மூடியின் திருகாணியைக் காட்டினார். “கொள்ளு மேல ஏத்தற அன்னிக்கு வூட்டுக்கு வந்ததும் இதக் கழட்டி, பில்டரைத் தரையில தட்டிடணுங்கக்கா.”

“புடைக்கற வேலைய இங்கயும் என் தலையிலதான் கட்டறியா? சரி, நாளைக்கு நிக்காதுன்னு சொல்லு பாக்கலாம்.”

“சொல்ல மாட்டேங்க. நானும் கூட வரேன்.”

வெள்ளிக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு, மடியில் ஸ்பேனர் பையோடு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். புளியமரத்தடியில் கார் நின்றபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“நாந்தான் நிறுத்தச் சொன்னேன்” என்றார் பின்சீட்டிலிருந்து ஜானகியம்மாள். “நான் உக்காந்த கல்லு அதான். பாத்துக்கோ. இப்ப போலாம்.”

தர்மபுரி போய்த் திரும்பும்வரை அந்தப் பையைத் திறக்கவே இல்லை. கார் சேலத்துக்கும் போகவில்லை.

ரோட்டுக் கொள்ளின்மேல் வண்டி ஏற்றுகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், பில்டரைத் தட்டச் சொல்லுங்கள். சவரிராயன் நடுரோட்டில் நின்று தன் தப்பை ஒத்துக்கொண்டதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.