கூப்பிடாத வீட்டுக்குள் சுப்பையா அண்ணன் போகமாட்டார்

ரப்பர் சூடாகும் வாசனை வந்தால் போதும்... எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்துவிடும்.

கீழே பஞ்சர் கடை. மாடியில் ஒற்றை அறை, இரண்டு கம்ப்யூட்டர், தலையை ஆட்டாத ஒரு டேபிள் ஃபேன். அங்கேதான் நானும் ஸ்டெல்லாவும் கேம் செய்தோம். காலேஜில் ஒரே பெஞ்ச். கதையும் கோடிங்கும் அவள், படம் வரைவது நான்.

ரோல் பிளேயிங் கேம். விளையாடுகிறவரே கதையில் ஒரு ஆளாகி, தெருத்தெருவாகப் போய், நாலு பேரிடம் பேசிக் கதையை நகர்த்த வேண்டும். எங்களுடையது, புயலுக்குப் பிறகு ஒரு கடலோர ஊரில் காணாமல் போன படகைத் தேடும் கதை.

ஸ்டெல்லாவுக்கு மணமேல்குடி பக்கம். அப்பா கடலுக்குப் போகிறவர். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்த மகளுக்கு அவர் ஒரு வருஷம் கொடுத்திருந்தார். அதற்குள் கேம் முடியாவிட்டால் திரும்பவும் வேலைக்குப் போய்விடுவதாக அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். பத்து மாதத்தில் முக்கால்வாசி முடித்துவிட்டோம்.

"யாரையாச்சும் வெளாட விட்டுப் பாப்போம்டி" என்றாள்.

கீழேயிருந்து பஞ்சர் கடை சுப்பையா அண்ணன் வந்தார். கையைத் துணியில் துடைத்து, அது போதாதென்று வேட்டியிலும் துடைத்துவிட்டுத்தான் கன்ட்ரோலரை வாங்கினார். ஸ்டெல்லாவிடம் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் விளையாடும்போது நாம் வாயைத் திறக்கக் கூடாது.

அண்ணன் ஊருக்குள் போனார். முதல் வீட்டு வாசலில் நின்றார். நின்றார்... நின்றுகொண்டே இருந்தார். கதையின் முதல் துப்பு அந்த வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. கதவும் திறந்துதான் கிடக்கிறது. நான் வாயைத் திறக்கப் போனேன். ஸ்டெல்லா என் தொடையைக் கிள்ளினாள்.

ஐந்து நிமிஷம் கழித்து அண்ணன் கன்ட்ரோலரை நீட்டினார்.

"வீட்ல ஆளு இல்ல போல தாயி. பெறகு வந்து பாக்குறேன்."

"கதவு தொறந்துதானண்ணே கெடக்கு, உள்ள போகலாம்ல?" என்றேன் நான்.

"யாரும் கூப்புடாம எப்புடிப் போறது?"

"அட, கேமுதானண்ணே!"

"கேமுதான்... ஆனா அங்க நிக்கிறது நான்ல?"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. இந்த மாதிரி கேம்களில் ஹீரோ எந்த வீட்டுக்குள்ளும் நுழைவான், பெட்டியைத் திறப்பான், கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவான். அதையே விளையாடி வளர்ந்த எங்களுக்கு அது தப்பென்றே தோன்றியதில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தன் அப்படி நுழைந்தால் சும்மா விடுவோமா?

மறுநாள் வந்ததும், "முப்பத்திரண்டு வீட்டையும் மாத்தணும்" என்றாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் வாசலுக்கு வந்து கூப்பிட வேண்டுமாம்.

"ரெண்டு மாசந்தான் இருக்கு. ஒனக்கு என்ன கிறுக்கா?" என்று கத்திவிட்டு நான் ஊருக்குப் பஸ் ஏறினேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில்.

ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் நாலு வீடு முடித்திருந்தாள். ஒரே "வாங்க"வை எல்லா வீட்டிலும் ஒட்டியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் அப்படிச் செய்யவில்லை. ஒரு வீட்டில், "வாங்க வாங்க, வெயில்ல நிக்காதீங்க." இன்னொரு வீட்டில், "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?" சண்டைக்கார வீட்டில் வெறும் "ம்... வாங்க." சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு உழைப்பை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் யாரும் கூப்பிடவில்லை. வாசலில் பந்தல், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். துக்க வீட்டில் யாரும் வாங்க என்று சொல்லமாட்டார்கள். நாமாகத்தான் உள்ளே போக வேண்டும், சொல்லிக்கொள்ளாமல் திரும்ப வேண்டும். அந்த நாற்காலிகளை நான் சிவப்பாக வரைந்திருந்தேன்.

வருஷம் முடிந்த அன்று அவள் அப்பா வந்தார். இன்னும் பதினொரு வீடு பாக்கி. ஸ்டெல்லா கூடுதல் நாள் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்றே என்று துணிமணியைப் பையில் எடுத்து வைத்திருந்தாள்.

"அப்புடி என்னதான் செஞ்சீங்க, காட்டுங்க" என்று உட்கார்ந்தார்.

ஒவ்வொரு வாசலிலும் நின்று, கூப்பிட்ட பிறகுதான் நுழைந்தார். பந்தல் போட்ட வீடு வந்தது. கொஞ்சம் நின்றார். பிறகு தானாகவே உள்ளே போனார். உள்ளே ஒரு மனுஷன் தனியாக உட்கார்ந்திருந்தார், மடியில் மகளுடைய ஸ்கூல் பை.

பத்தாவது படிக்கும்போது ஸ்டெல்லாவின் அம்மா இறந்துபோனது எனக்குத் தெரியும். நான் வரைந்தது எந்த வீடு என்று அப்போதுதான் உறைத்தது.

அப்பா கன்ட்ரோலரை வைத்தார்.

"அன்னைக்குப் போட்டிருந்த சேரு பச்சைக் கலருல்ல?"

"மாத்திடுறேம்ப்பா."

"மாத்து. எல்லாத்தையும் முடிச்சிட்டே வா."

பையைத் தொடாமல் படி இறங்கிவிட்டார். நாற்காலிகளைப் பச்சையாக்குவது பத்து நிமிஷ வேலை. கண்ணைத் துடைத்துத் துடைத்து நான் ஒரு மணி நேரம் செய்தேன்.

அந்த கேம் வெளிவந்தது. அவள் அடுத்ததைத் தொடங்குகிற அளவுக்கு ஆட்கள் விளையாடினார்கள்.

இப்போது நான் பெங்களூரில், பெரிய ஸ்டூடியோவில். ஏசி, நல்ல நாற்காலி எல்லாம் உண்டு. ஒரு கதவு வரைவதற்குள் மூன்று மீட்டிங். ஸ்டெல்லா இன்னும் அதே மாடியில், மூன்றாவது கேமில் இருக்கிறாள். இன்றைக்கும் முதலில் விளையாடிப் பார்ப்பது சுப்பையா அண்ணன்தான். நான் அந்தப் படியேறித்தான் மூன்று வருஷம் ஆகிறது...

போன வாரம் புது கேமை அனுப்பியிருந்தாள். தொடக்கத்தில் பெயர் கேட்டது, என் பெயரையே கொடுத்தேன். முதல் வீட்டு வாசலில் கை தானாக நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"வசந்தி... இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்? உள்ள வா."

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.